பழைய காலத்து வாள் நெஜமாவே 15 கிலோ இருந்துச்சா?

தக்கலைக்காரன்:
பத்மநாபபுரம் அரண்மனையில ஒரு உருண்டைக் கல் இருக்குல்ல, 38 கிலோ, படையில சேரணும்னா அதை தலைக்கு மேல 101 தடவை தூக்கணும்னு சொல்லுவாங்க, அதைப் பார்த்துட்டு எங்க சித்தப்பா அப்போ வாளே 15 கிலோ இருந்திருக்கும், ஐரோப்பாவுல நைட்டுன்னு சொல்ற கவசம் போட்ட குதிரைவீரங்க வாள் அதுக்கும் மேல, கவசத்தோட அவங்களை குதிரையில ஏத்த கப்பி போட்டுத்தான் தூக்கினாங்கன்னு அடிச்சு சொல்லுதாரு. யாருக்காவது சரியான எடை தெரியுமா?

வாள்பிரியன்:
15 எல்லாம் இல்லவே இல்ல தம்பி. ஐரோப்பாவுல ஒத்தக்கையில பிடிக்கிற வாள் 1 கிலோவுக்கு கொஞ்சம் மேல, 1.3 வரைக்கும் போகும், நம்ம கிரிக்கெட் பேட் எடைதான். ரெண்டு கையாலயும் பிடிக்கிற நீள வாளே ஒன்றரை கிலோ பக்கம். 16ம் நூற்றாண்டுல ஆள் உயரத்துக்கு வந்த பெரிய வாளே 2ல இருந்து 3.5 கிலோதான். நெதர்லாந்துல லேவார்டன் ஊர் மியூசியத்துல பியர் டோனியாங்கிற கிளர்ச்சித் தலைவரோடதுன்னு ஒரு வாள் இருக்கு, 2 மீட்டருக்கு மேல நீளம், 6.6 கிலோ, அந்த மாதிரி விதிவிலக்கைப் பார்த்துட்டுத்தான் எல்லாமே இப்படின்னு பேசிடுறாங்க. ஊர்வலத்துல தூக்கிட்டு போக மட்டும் செஞ்ச வாளும் உண்டு, அது கனமாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, 1741 குளச்சல் போர் காலத்து துப்பாக்கி இருக்கே, அதுவே 4, 5 கிலோ வரும், வாளைவிட கனம்!

அடிமுறை மாணவன்:
அந்தக் கல்லு உடம்பைத் தேத்த, ஆளோட பலத்தைப் பாக்க. ஆயுதம் அந்த எடை இருக்கணும்னு எங்க இருக்கு? கம்பு வீசிப் பாத்தா மனசிலாவும் அண்ணே, சுவடு (காலடி) வைக்கும்போது ஒரு வீச்சு தப்பிச்சா அடுத்த நொடி கை திரும்பி வந்து தடுக்கணும், அதுக்குள்ள எதிராளி உள்ள புகுந்துருவான். 10 கிலோ இரும்பை வீசினா அதை நிறுத்தவே முடியாது, அது நம்மளை இழுத்துட்டு போயிரும்.

எடை எவ்வளவுங்கிறதவிட எங்க இருக்குங்கிறதுதான் முக்கியம். நல்ல வாளை பக்கவாட்டுல திருப்பிப் பாருங்க, பிடிக்கிட்ட தடிப்பா இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலிஞ்சுட்டே போகும், பிடிக்குப் பின்னால ஒரு குமிழ் இருக்கும், அதோட கனமும் சேர்ந்து சமநிலை கைக்குப் பக்கத்துல வந்துடும். கடையில விக்கிற சுவர்ல மாட்டுற வாளு அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே தடிமன், அதான் தூக்கினதும் நுனி கீழ தொங்குது, அதை எடுத்துப் பாத்தவங்கதான் அந்தக் காலத்து ஆளுங்க ராட்சசங்கன்னு நம்புதாங்க.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்போ கவசம்? அந்த கப்பி விஷயம்?

வாள்பிரியன்:
போர்ல போடுற முழுத் தகட்டுக் கவசம் 15ல இருந்து 25 கிலோ, ஆனா ஒரே இடத்துல தொங்காம உடம்பு முழுக்கப் பரவி, வார் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். குதிரையில ஈட்டிப் போட்டி விளையாடப் போடுறது மட்டும் ரொம்ப கனம், அதையும் இதையும் குழப்பித்தான் கப்பிக் கதை வந்துருக்கும். பூசிகோன்னு ஒரு பிரெஞ்சு தளபதி, தலைக்கவசம் மட்டும் கழட்டிட்டு மத்த கவசத்தோடயே குட்டிக்கரணம் போட்டார், அங்கவடியில கால் வைக்காமலே குதிரை மேல தாவி ஏறினார்னு அவர் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. சித்தப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.