மணிக்கு 'விடு' பழக்குவது

அக்கா: பெரியப்பா, எங்கள் நாய்க்குட்டி மணிக்கு நான்கு மாதம் நிறைந்துவிட்டது. கயிற்று முடிச்சைக் கவ்வினால் வாயிலிருந்து வாங்கவே முடிவதில்லை. பிள்ளைகள் தாடையைப் பிளந்து எடுக்கிறார்கள். இப்போது அது கயிற்றோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறது. என்ன செய்யலாம்?

பெரியப்பா: முதலில் தாடையைப் பிளப்பதை நிறுத்தச் சொல்லம்மா. எப்போதும் பறிகொடுக்கும் குட்டி, மனிதர் கை அருகில் வந்தாலே தன் பொருள் போய்விடும் என்று கற்றுக்கொள்கிறது. ஓடி ஒளிவதும் அதனால்தான். விட்டால் நல்லது கிடைக்கும், விட்ட பொருளும் திரும்பி வரும் என்று அது நம்ப வேண்டும்.

பெரியப்பா: விளையாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, கயிற்றை உன் தொடையோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள், இழுக்காதே, நாம் இழுக்கும் வரையில் அதற்கு அது விளையாட்டுத்தான். உப்பும் வெங்காயமும் சேராமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி மூக்கருகில் காட்டினால், வாய் தானாகத் திறக்கும். திறந்த கணமே 'சபாஷ்' என்று சொல்லித் துண்டைக் கொடு. தின்று முடித்ததும் கயிற்றை அதனிடமே நீட்டி விளையாட்டைத் தொடர். திருப்பிக் கொடுப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அண்ணன்: நாங்கள் 'விடு, விடு' என்று கத்தினாலும் அது காதில் வாங்குவதில்லையே?

பெரியப்பா: ஒருவர் 'விடு' என்றும், இன்னொருவர் 'போடு' என்றும், மற்றவர் 'கொடு' என்றும் சொன்னால் குட்டிக்கு எப்படிப் புரியும்? துண்டைக் கண்டதும் தவறாமல் வாய் திறக்கும் நிலை வந்த பிறகு, துண்டைக் காட்டுவதற்குச் சற்று முன்னால், இயல்பான குரலில் ஒரே ஒரு முறை 'விடு' என்று சொல்லுங்கள். நாளடைவில் சொல்லைக் கேட்டே விடத் தொடங்கும். அப்போது துண்டு கையில் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து வரலாம்.

சித்தி: உறுமினால் ஓர் அடி வைத்துத் திருத்த வேண்டாமா?

பெரியப்பா: அடிக்கவே கூடாதம்மா. விளையாடும்போது வாலை ஆட்டிக்கொண்டு, உடல் தளர்ந்து உறுமினால் அது உற்சாகம். உடல் விறைத்து, மெல்லுவதை நிறுத்தி, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தால் அது எச்சரிக்கை; அந்த எச்சரிக்கைக்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கக்கூடும். மணி அப்படி விறைத்துப் பார்த்தால் விலகிச் சென்று, சிறிது தொலைவிலிருந்து தீனியைப் போடுங்கள்.

பெரியப்பா: இன்னொன்று, இது பால்பற்கள் விழும் பருவம். 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் வந்து முடிய ஏறக்குறைய ஏழு மாதம் ஆகிவிடும். ஆகையால் கயிற்றை மென்மையாக, பக்கவாட்டில் மட்டும் அசையுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் கழுத்துக்கு ஆகாது.

அக்கா: இன்று மாலை செய்து பார்த்தேன், பெரியப்பா. கயிற்றை அசைக்காமல் பிடித்ததும் மணி இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. கோழி வாசனை பட்டவுடன் மூக்கு துடித்தது, கடைவாய் மெல்லத் தளர்ந்தது, கயிறு எச்சிலோடு என் மடியில் விழுந்தது. திருப்பி நீட்டியபோது உடனே கவ்வாமல் என் முகத்தையே பார்த்தது. அது மருந்து அட்டை போன்ற ஆபத்தான பொருளைக் கவ்வினால் என்ன செய்வது?

பெரியப்பா: துரத்தாதே, துரத்தினால் விழுங்கிவிடும். ஒரு கைப்பிடித் தீனியைத் தரையில் பரவலாக இறைத்துவிடு. அது பொறுக்கித் தின்னும்போது பொருளை எடுத்துவிடலாம். மாத்திரை ஏதேனும் உள்ளே போயிருந்தால், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அக்கா: சரி, பெரியப்பா. பெரியவர்கள் யாராவது உடன் இல்லாமல் பிள்ளைகளைக் கயிறு இழுக்க விடமாட்டேன்.