அப்பாவின் இடது கை

எங்கள் அப்பா கரைவலைக்காரர், கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிறவர். திருகோணமலையில் உப்புவெளிக்கும் சல்லிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது வலைக்குச் சொந்தக்கார முதலாளியிடம், பங்குக்கு இழுத்தவர். மாரி முடிந்து கடல் அடங்கினால் தொழில் தொடங்கும். பிறகு வாடைக்காற்று எழும்பும்வரை பகலில் அவரை வீட்டில் காண்பது அரிது. 2004 சுனாமியில் வலையும் தோணியும் போன பிறகும் அதே சம்மாட்டியோடு அதே கரைக்குத்தான் திரும்பினார். மாரி காலத்தில் மேசன்மாருக்குக் கல் சுமப்பார். சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சீனி வருத்தமும் பிரஷரும் பல வருடமாக இருந்தன. கால் வீங்கியபோது, உப்புத் தண்ணீரில் நிற்கிறதால்தான் என்றார். நாங்களும் நம்பினோம், அவர் சொன்னால் அப்படித்தான். கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் அநேகமாக முடிந்திருந்தன. அதன் பிறகு, மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயலிசிஸ்தான். வாரத்தில் இரண்டு நாள், ஒரு தடவைக்கு 4 மணித்தியாலம்.

அதற்காகக் கையில் பிஸ்டுலா என்று ஒன்று செய்வார்கள். நாடியையும் நாளத்தையும் இணைக்கிற சின்ன ஒப்பரேஷன். அது பாவிக்கிற பக்குவத்துக்கு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தொட்டால் உள்ளே இரத்தம் இரைவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அப்பா வலக்கைக்காரர் என்பதால் இடக் கையில் செய்தார்கள். “கயிறு இழுக்க ரெண்டு கையும் வேணும் டொக்டர்” என்றார். டொக்டர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

சாப்பாடு இன்னொரு போராட்டம். பொட்டாசியம் ஏறும் என்று இளநீரும் வாழைப்பழமும் நின்றன. உப்புக்காகக் கருவாடு நின்றது. அம்மா மரக்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைப்பார். தண்ணீரும் அளவுதான்: முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லீட்டர் கூட்டிக் கொள்ளலாம். ஆடி மாதத்து வெயிலில் இது எவ்வளவு கொடுமை என்று எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு இருப்பார். இதே நிலையில் யாராவது வீட்டில் இருந்தால், பெரிய கிளாஸை ஒளித்துவிட்டுச் சின்னக் கிளாஸில் கொடுங்கள். உண்மையிலேயே உதவும்.

இவ்வளவையும் தாங்கினார். வேலை இல்லாமல் இருப்பதைத்தான் தாங்கவில்லை. முற்றத்தில் இருந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டு, யாரோடும் கதைக்காமல், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பாமல் இருந்தார். மருந்தால் சோர்வு என்று அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்மாட்டி ஒரு நாள் கிழிந்த வலையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். “அண்ணே, பொத்த ஆளில்லை” என்றார். ஆளில்லை என்பது சுத்தப் பொய், கரை முழுக்க ஆள். அப்பா இடக் கையால் வலையை மெல்லப் பிடித்து, வலக் கையால் கண் கண்ணாகப் பொத்தத் தொடங்கினார். டயலிசிஸ் முடிந்து வந்த அன்று படுத்தே கிடப்பார், அடுத்த நாள் விடிய வலையோடு இருப்பார். வலை பொத்தினால் கறிக்கு மீன் வரும். அதை அவரே எங்களுக்குப் பங்கு பிரிப்பார்.

கடைசியில் நெஞ்சில் நீர் கட்டி, இருதயமும் தளர்ந்து போனது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அப்பாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தோம்.

தொழில் முடிந்ததும் சம்மாட்டி காசோடு வந்தார். அந்த வருடம் முழுக்க அப்பாவின் பேரில் முழுப் பங்கு போட்டு வைத்திருக்கிறார். அம்மா வாங்க மாட்டேன் என்றார். “அவர் கயிறு இழுக்கேல்லையே தம்பி, வலைதானே பொத்தினவர். அரைப் பங்கு காணும்.” சம்மாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கடைசியில் முக்கால் பங்குக்கு முடிந்தது.