கயோட்டி வருகிறது, ஆனால் பின்னால் சுற்றிப் போய்விடுகிறது
டெக்சாஸில் சான் ஏஞ்சலோ பக்கம் நண்பரின் பண்ணையில், டிசம்பர் கடைசியிலிருந்து ஆறு வார இறுதிகளாகக் கயோட்டியை (ஓநாய் இனத்தைச் சேர்ந்த, அதைவிடச் சிறிய அமெரிக்கக் காட்டு விலங்கு) வேட்டைக்காகக் கூப்பிட்டுப் பழகுகிறேன். வேட்டை லைசென்ஸ் இருக்கிறது. வாயால் ஊதும் ஓப்பன் ரீட் (அதிரும் தகடு வெளியே திறந்திருக்கும்) ஊதல்தான், அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதிவிட்டு, முகமூடியோடு, காற்று முகத்தில் அடிக்கும்படி ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் உட்காருகிறேன்.

போன சனிக்கிழமை விடியலில் ஒன்று மெஸ்கீட் முட்புதரோரம் வந்து நின்றது, காது இரண்டும் என் பக்கம், அப்புறம் மெதுவாக எனக்குப் பின்னால் சுற்றிப் போய், மோப்பம் பிடித்ததும் ஒரே ஓட்டம். மூன்று முறை இதேதான். சத்தத்தைக் குறைத்தேன், இடம் மாற்றினேன், இணைசேரும் காலமாயிற்றே என்று ஊளையும் போட்டேன், பதில் ஊளை மட்டும் வந்தது.

தனியாகப் போகிறவன், அது பின்னால் சுற்றும் முன்பே கண்ணில் படும்படி காற்றுக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்?