கனவுக்காகக் கூடியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிலாச்சோறு:

2016 ஜூன் மாதம். நெதர்லாந்தில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய கெர்க்ராடே ஊரில் ரோல்டுக் என்று ஒரு மடம் இருக்கிறது. 1104-இல் தொடங்கியது, இப்போது தங்கும் விடுதி. கனவு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் அந்த வருட மாநாட்டை அங்கேதான் வைத்தது. தூக்கத்தை ஆராய்கிறவர்கள், மனநல மருத்துவர்கள், ஓவியர்கள், என்னைப் போலக் கனவை நோட்டில் எழுதி வைக்கிறவர்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். பகலில் கட்டுரை வாசிப்பு. அதைவிட எனக்கு மறக்காதவை மற்ற மூன்றும்தான்.

முதலாவது, காலை வட்டம். கட்டுரைகள் தொடங்கும் முன் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒருவர் மட்டும் தன் கனவைச் சொல்வார். கேட்பவர்கள் "உன் கனவுக்கு இதுதான் அர்த்தம்" என்று சொல்லவே கூடாது. "இது என் கனவாக இருந்தால்..." என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மான்டேக் உல்மன் என்ற மனநல மருத்துவர் வகுத்த முறையிலிருந்து வந்த பழக்கம் இது. கனவு கண்டவர் எந்த நிமிடமும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

நான் சொன்னது அப்பத்தா வந்த கனவு. எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் பித்தளைக் குடத்தோடு நிற்கிறார். குடத்தைச் சாய்த்தால் தண்ணீருக்குப் பதில் அரிசி கொட்டுகிறது. நல்ல சகுனம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். எதிரே இருந்த ஒரு பெரியவர் மெதுவாக, "இது என் கனவாக இருந்தால், பாட்டி ஏன் அதைத் தரையில் கொட்டுகிறார் என்று கவலைப்பட்டிருப்பேன்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் கிணற்றை மூடி மண் போட்ட அன்று அப்பத்தா சாப்பிடவில்லை. அது அந்த நாற்காலியில்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது, தொலைவுணர்வுப் போட்டி. ஒருவர் நினைப்பது, சொல்லாமலே இன்னொருவர் கனவில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. நான்கு படங்களை உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதில் ஒன்றைக் குலுக்கல் போல எடுத்து, ஒருவர் தன் அறைக்குக் கொண்டுபோய் இரவு அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தூங்கிக் கனவு காண வேண்டும். காலையில் நான்கு படங்களையும் வைப்பார்கள். நம் கனவை எழுதி, எந்தப் படத்துக்குப் பொருந்துகிறதோ அதற்குப் போட வேண்டும். 1960களில் நியூயார்க்கின் புரூக்லினில், மைமனிடீஸ் மருத்துவமனையில் உல்மனும் ஸ்டான்லி கிரிப்னர் என்ற உளவியலாளரும் நடத்திய சோதனைகளின் வழி வந்த விளையாட்டு. பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை, அதனால் நிரூபணம் என்று நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டிடம் முழுக்க ஒரே எண்ணத்தோடு படுக்கப் போவதை வேறெங்கும் பார்த்ததில்லை. என் கனவில் வந்தது ஒரு பேருந்து நிலையம். நான்கு படங்களில் எதிலும் பேருந்து இல்லை.

மூன்றாவது, கடைசி இரவின் கனவு நடனம். கனவில் வந்த ஒன்றாக உடுத்திக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, அந்தக் கனவைச் சொல்ல வேண்டும். நான் வேஷம் எதுவும் எடுத்துப் போகவில்லை. சமையலறையில் கேட்டேன், இரண்டு கப் அரிசியும் ஒரு தகர ஜாடியும் கொடுத்தார்கள். கையில் இருந்த ஒரே பருத்திப் புடவையைக் கண்டாங்கிக் கட்டாக, அப்பத்தா கட்டுவது போல, கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டினேன். எனக்கு முன்னால் ஒருவர் உடம்பெல்லாம் காகிதச் சாவிகளைத் தைத்துக்கொண்டு வந்திருந்தார், நடக்கும்போது சரசரவென்று சத்தம். என் முறை வந்ததும் இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். ஜாடியைச் சாய்த்தேன். மரத்தரையில் அரிசி விழும் சத்தம் மழைத் தூறல் போலவே இருந்தது.

கொங்குச்சீமை:

அக்கா, படித்ததும் சிவன்மலைதான் ஞாபகம் வந்தது. காங்கயத்துக்குப் பக்கத்தில், முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாராவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் வந்து, இன்ன பொருளை வை என்று சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னால், சாமி முன்னால் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு ஆகிவிட்டது என்று அர்த்தம். பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். அடுத்தவர் கனவு வரும்வரை அதுதான் பெட்டியில் இருக்கும். நாள் கணக்கெல்லாம் கிடையாது.

பெட்டியில் மஞ்சள் இருந்த சமயம் அப்பாவோடு போனேன். எங்கள் பக்கம் மஞ்சள் போடுகிற ஊர். பெட்டி முன்னால் நின்ற கூட்டத்தில் ஒருவர் விலை ஏறும் என்கிறார், இன்னொருவர் மஞ்சளுக்கு ஏதோ கெடுதல் வருகிறது என்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தார். வீட்டில் இருந்த மூட்டைகளை மட்டும் அந்த மாதம் விற்கவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கண்ட கனவு அது. அதற்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மழைக்காகிதம்:

கேட்கவே ஒரு மாதிரி சிலிர்க்கிறது. அக்கா, அந்த அரிசியை அப்புறம் என்ன செய்தீர்கள்?

நிலாச்சோறு:

பாட்டு ஆரம்பிக்கும் முன் கூட்டிவிடலாம் என்று குனிந்தேன். சாவிக்காரரும் இன்னும் மூன்று பேரும் கூடவே குனிந்து, விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார்கள். கிளம்புகிற அன்று காலையில் மடத்து முற்றத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தேன். காக்கைகள் வந்தன.