கல்யாண போட்டோவை டார் ஜிஜிப் போட்டும் சைஸ் குறையவில்லை, பென் டிரைவிலும் ஏற மறுக்கிறது

அல்சூர் ஆசாமி:
தங்கை கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 42 ஜிபி, என் உபுண்டு லேப்டாப்பில் இருக்கிறது. மாமா நாளை சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போகிறார், சுருக்கி ஒரே ஃபைலாகக் கொடுத்துவிடலாம் என்று டெர்மினலில் (கட்டளை அடிக்கிற திரை) டார் சிஇசட்எஃப் என்ற கட்டளையைப் போட்டேன் (போனில் தமிழ் கீபோர்டுதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்). முக்கால் மணி நேரம் ஃபேன் கத்தியதுதான் மிச்சம், வந்தது 41.6 ஜிபி. ஆபீஸில் இதே கட்டளைக்கு 2 ஜிபி லாக் ஃபைல் 150 எம்பிக்கு இறங்கிவிடும்! சரி, அதையே 64 ஜிபி பென் டிரைவில் போட்டால் 4 ஜிபியில் நின்று ஃபைல் பெரிதாக இருக்கிறது என்கிறது. லேப்டாப்பில் இடம் இல்லை. மூலப் போல்டரை அழித்துவிட்டு வேறு எதிலாவது சுருக்கிப் பார்க்கவா?

கேஆர்புரம் கருப்புத்திரை:
முதலில் எதையும் அழிக்காதீர்கள், அந்த டார் ஃபைலைத் தூக்கினாலே 41 ஜிபி திரும்பக் கிடைக்கும். டாருக்குச் சுருக்கவே தெரியாது. 1979 யூனிக்ஸில் டேப்பில் ஏற்றுவதற்காக வந்தது, மூட்டை கட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பிழிகிற வேலை இசட் என்ற எழுத்தால் கூப்பிடுகிற ஜிஜிப்புடையது. கடந்த 32 கேபிக்குள் இதே எழுத்துத் தொடர் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் திரும்ப எழுதாமல் 'இத்தனை தூரம் பின்னால் போய் இத்தனை எழுத்து எடுத்துக்கொள்' என்று குறிப்பு வைக்கும். லாக் ஃபைலில் ஒரே வரி ஆயிரம் தடவை வரும், அதனால் அப்படி இறங்குகிறது. ஜேபெக்கும் எம்பி4ம் கேமராவிலேயே பிழிந்து வந்தவை. பால் எடுத்த தேங்காய்ச் சக்கையை எத்தனை தடவை பிழிந்தாலும் வருவது தண்ணீர்தான், எக்ஸ்இசட் என்ற வேறு சுருக்கியைப் போட்டாலும் அதே கதை.

4 ஜிபி விஷயம் வேறு. பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் சரி.

மடிவாலா அண்ணாச்சி:
ஃபார்மேட் மாற்ற மனமில்லை என்றால் ஸ்ப்ளிட் கட்டளையில் மைனஸ் பி 3900எம் கொடுங்கள் தம்பி, பதினொரு துண்டாக வரும், ஊரில் கேட் என்ற கட்டளை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒட்டுவதற்கு ஆள் வேண்டுமே.

இன்னொன்று, எஃப்புக்கு அடுத்து வருவதுதான் ஃபைல் பெயர். முன்னால் மைனஸ் வைத்து, எழுத்தை மாற்றி மைனஸ் சிஎஃப்இசட் என்று அடித்தால் 'இசட்' என்ற பெயரிலேயே ஒரு மூட்டை உருவாகும், சுருங்கவும் சுருங்காது. நான் ஒருதரம் அவசரத்தில் பெயரே கொடுக்காமல் சிஇசட்எஃப், அடுத்து நட்சத்திரக் குறி புள்ளி ஜேபிஜி என்று அடித்துவிட்டேன். பட்டியலில் முதலில் இருந்த போட்டோவையே மூட்டையின் பெயராக எடுத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதிவிட்டது. மகனின் முதல் பிறந்தநாள், கேக் வெட்டுகிற படம். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பெல்லந்தூர் வாசி:
நண்பர்களே, மூட்டையே எதற்கு? மாமா வீட்டில் யார் டெர்மினல் திறக்கப்போகிறார்கள்? சுருங்காது என்று தெரிந்த பிறகு போல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். பென் டிரைவை, அந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றினால் விண்டோஸும் படிக்கும், உபுண்டுவும் படிக்கும் (உள்ளே இருப்பது போய்விடும், பார்த்து). முக்கியமாக, காப்பி முடிந்தது என்று திரை சொன்னவுடன் பிடுங்காதீர்கள், பாதி இன்னும் மெமரியிலேயே இருக்கும். டெர்மினலில் சிங்க் என்று அடித்து (மெமரியில் மிச்சம் இருப்பதை டிரைவில் எழுதவைக்கும் கட்டளை) அது முடியும்வரை காத்திருந்து, எஜெக்ட் செய்துவிட்டு எடுங்கள்.

அல்சூர் ஆசாமி:
ஆமாம், டிவியில் படம் பார்க்க நான்தான் எப்போதோ எஃப்ஏடி32 போட்டிருக்கிறேன். முகூர்த்த வீடியோ மட்டுமே 6 ஜிபி, மூட்டை கட்டாவிட்டாலும் ஏறியிருக்காது! எக்ஸ்ஃபேட் போட்டு காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி, கேக் படத்துக்கு என் அனுதாபம். மாமா வீட்டு டிவி எக்ஸ்ஃபேட் படிக்குமா?

பெல்லந்தூர் வாசி:
டிவியைப் பொறுத்தது, பழையது என்றால் சந்தேகம்தான். அத்தைக்குப் பிடித்த இருநூறு போட்டோவைத் தனியாக ஒரு சின்ன எஃப்ஏடி32 டிரைவில் போட்டு அதையும் மாமா பையில் வைத்துவிடுங்கள்.