பெரிய டஃபல் பை எங்க அறுந்துச்சு? பார்த்தவங்க சொல்லுங்க

ஆரப்பாளையத்தான்:

போடி பஸ். டிக்கியில 100 லிட்டர் டஃபல் (உருளையா நீளமா இருக்குற பயணத் துணிப் பை) ஒண்ணு, அது மேல ரெண்டு வெங்காய மூட்டை. தலைமாட்டுப் பிடி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. கண்டக்டர் அதைப் பிடிச்சு ஒரே இழு. பிடி அவர் கையில, பை டிக்கியில! நூல் ஒரு இழைகூட அறலைங்கிறதுதான் இதுல விஷயம். நாடாவைத் தச்சிருந்த துணி உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ஞ்சு நாடாவோட தொங்குது. அந்த ஓட்டை வழியா உள்ள இருந்த டென்ட் கம்பி எட்டிப் பார்க்குது.

துணி 600 டினையர் பாலியஸ்டர் (டினையர்ங்கிறது நூலோட தடிமன் கணக்கு). மோசமான துணின்னு சொல்ல முடியாது. ஆனா பிடியை ஒத்தைத் துணி மேல அப்படியே வச்சுத் தச்சிருக்காங்க, பின்னாடி ஒட்டுத் துணியே கிடையாது. 20 கிலோ பையை வெடுக்குனு இழுத்தா அந்த எடை ரெண்டு மூணு மடங்காகி ரெண்டு அங்குல இடத்துல ஏறும். கடையிலயே பைக்குள்ள கையை விட்டு, பிடி தச்ச இடத்தைத் தடவிப் பாருங்க. துணி ரெண்டு மடிப்பாத் தட்டுப்படணும். தூக்குற நாடா பையோட அடிவயித்தைச் சுத்தி மறுபக்கம் ஏறணும். பாதியிலேயே தையலோட நின்னுருச்சுன்னா அது வெறும் அலங்காரம். நாடா 38 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா கையை அறுக்கும்.

உங்களுக்குத் தெரிஞ்ச பையில எது முதல்ல போச்சு? விலை வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்க.

மாசி வீதி தையல்:

அண்ணே, பிடி அறுந்தா நாலு பேர் பார்ப்பாங்க, அதனால பெருசாத் தெரியுது. ரிப்பேருக்கு வர்ற பையில ஜிப்புதான் முன்னால நிக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன குழுவோட பை ஒண்ணு மேசைக்கு வந்துச்சு. ஜிப்பை மூடித் திறக்க இழுக்குற ரன்னர் கடைசி வரைக்கும் போய் நிக்குது, பின்னாடி பல்லு ஒரு முழத்துக்கு வாயைப் பிளந்து கிடக்கு. சணல் கயித்தால சுத்திக் கட்டியிருந்தாங்க. யாரோ ஜிப்பையே மாத்தணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பல்லுல ஒரு குறையும் இல்ல. ரன்னரோட உள்வாய் தேஞ்சு அகண்டுபோச்சு, அவ்வளவுதான்.

வழியில இப்படி ஆனா ரன்னரைப் பழையபடி ஆரம்பத்துக்கே கொண்டுவந்து, அதோட பின்பக்க ரெண்டு ஓரத்தையும் குறடால மாத்தி மாத்தி இலேசா அழுத்துங்க. ஒரேயடியா நெரிச்சா உடைஞ்சிரும். ஊர் வந்து சேர்ற வரைக்கும் அது தாங்கும், அப்புறம் ரன்னரை மாத்தித்தான் ஆகணும். ஜிப்போட ஒரு முனைத் தையலைப் பிரிச்சுப் பழசை உருவிட்டு, ரெண்டு பக்கப் பல்லும் சமமா நுழையிற மாதிரி புதுசை ஏத்தி, முனையைத் திரும்பத் தைக்கணும். ரன்னர் முதுகுலயே நம்பர் பதிஞ்சிருக்கும்: 5, 8, 10. மூடின பல்லோட அகலமும் மில்லிமீட்டர்ல கிட்டத்தட்ட அதுதான். சுருள் பல்லு ரன்னர் கட்டிப் பல்லு ஜிப்புக்குச் சேராது, பார்த்து வாங்குங்க. 80 லிட்டருக்கு மேல பைன்னா 10. பொறுத்துக்கிட்டா 8. 5 போட்டிருந்தா பேச்சே வேண்டாம், திருப்பிக் குடுத்துருங்க.

பிடியைத் திரும்பத் தச்சுக் குடுக்குற ஆளுங்களுக்கும் ஒண்ணு. நெருக்கித் தச்சா பலம்னு அங்குலத்துக்கு 14 தையல் ஓட்டுறாங்க. அந்த ஊசி ஓட்டை வரிசையே தபால்தலை ஓரம் மாதிரி கிழிஞ்சு வந்துரும். 6லிருந்து 8 தையல் போதும். நைலான் நூல், 18 இல்லேன்னா 21 நம்பர் ஊசி, சதுரம் போட்டு நடுவுல பெருக்கல் குறி. பருத்தி நூல் ஈரம் பட்டா இத்துப்போகும். வீட்டு மிஷின்ல நாலு மடிப்பு நாடாவை ஓட்டாதீங்க, ஊசி உடைஞ்சு கண்ணுக்கு வரும்.

வில்லாபுரம் 85:

இவ்வளவு எதுக்குய்யா? சக்கரம் வச்ச பை வாங்கிட்டா பிடிக்கு வேலையே இல்லையே.

கம்பம் ரோடு:

85 தம்பி, சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப் ரோட்டைப் பார்த்திருப்பீங்க. கேரியர்ல கட்டிப் போன ஒரு சக்கரப் பையை மேல இறக்குறப்போ, சக்கரக் கூடு விரிசல் விட்டு அச்சு ஒரு பக்கமாத் தொங்குச்சு. கயிறு உரசின இடத்துல துணி வெளுத்து நூல் தெரியுது. அங்க இருந்து கேம்ப்புக்குப் பையைத் தூக்கித்தானே போகணும்? சக்கரமும் இழுவைக் கம்பியும் மட்டுமே ஒண்ணரை, ரெண்டு கிலோ வரும். அதையும் சேர்த்துச் சுமக்கணும். ஏர்போர்ட்டுக்கும் லாட்ஜுக்கும் மட்டும் போறவங்க தாராளமா வாங்கலாம்.

"ஹன்டிங் டஃபல்"னு போட்டு விக்கிறதைப் பத்தியும் சொல்லிடுறேன். இங்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குப் போறதுங்கிறது கிடையாது. அது வெளிநாட்டுல மான் வேட்டைக்குப் போறவனை நினைச்சுச் செஞ்ச பை. ஆனா அதுல நமக்கு ஆகுற விஷயமும் இருக்கு. கழுவி விடுற மாதிரி அடித்தட்டு, சேத்து பூட்ஸுக்குத் தனி அறை, வாய் முழுசாத் திறக்குற ஜிப். துப்பாக்கி உறைக்குன்னு பக்கவாட்டுல வார் இருந்தா டிரைபாடோ தூண்டில் கம்போ கட்டிக்கலாம். இலைதழை டிசைனை மட்டும் தவிருங்க. காட்டுச் சோதனைச்சாவடியில தேவையில்லாத கேள்வி வரும். இருட்டுல கீழ வச்சா பை எங்க இருக்குன்னே தெரியாது. ஆரஞ்சு, மஞ்சள், நீலம் நல்லது.

அமாவாசை நடை:

சாவடின்னதும் ஞாபகம் வருது. சதுரகிரிக்குத் தாணிப்பாறை கேட்ல பிளாஸ்டிக் இருக்கான்னு பையைத் திறந்து பார்ப்பாங்கல்ல. ஒருத்தர் 90 லிட்டர் ஒத்தை அறைப் பையோட நிக்கிறார். பிளாஸ்டிக் கவர் இருக்குறது அடியில, வேட்டி, சொம்பு, டார்ச், அவல் பொட்டலம் எல்லாம் அதுக்கு மேல. அத்தனையும் தரையில பரப்பியாச்சு, பின்னாடி வரிசை நிக்குது. நாலஞ்சு மஞ்சப்பைக்குள்ள பிரிச்சுப் போட்டிருந்தா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிட்டுப் போயிருக்கலாம். தோள்ல மாட்ட ரெண்டு பட்டை இல்லாத டஃபலை அந்த மலைக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது. ஒத்தைத் தோள்ல தொங்குற பை படிக்கல்லுல ஆளைச் சாய்ச்சு விட்டுரும்.

மேலூர் பக்கம்:

ஜிப், பிடி எல்லாம் சரி. ஈரத்தைப் பத்தி யாருமே பேசல.

தண்ணி போகாத, பிவிசி பூசின தார்ப்பாய்த் துணிப் பை. மன்னவனூர்ல நனைஞ்ச டென்ட்டைச் சுருட்டி உள்ள வச்சு, இறுக்கி மூடி, கார் டிக்கியில போட்டாச்சு. மதுரை வெயில்ல ரெண்டு நாள். திறந்தா குப்புனு ஒரு புளிச்ச வாடை, டென்ட் முழுக்கக் கறுப்புப் புள்ளி, மடிப்பு மடிப்பா ஒட்டிக்கிட்டுப் பிரிய மாட்டேங்குது. தண்ணியை உள்ள விடாத பை உள்ள இருக்குற தண்ணியையும் வெளிய விடாதுல்ல. வந்த அன்னைக்கே டென்ட்டை நிழல்ல காயப் போட்டிருக்கணும்.

பாலியூரித்தேன் பூச்சு உள்ள பைக்கும் இதே கதிதான். சூடும் ஈரமும் சேர்ந்தா பூச்சு பிசுபிசுத்து, அப்புறம் செதில் செதிலா உதிரும். தைக்கிறதாலயோ கழுவுறதாலயோ சரி ஆகாது. பையை வாய் திறந்து, காத்தோட்டமா வைங்க. பரண் மேல பாலித்தீன் கவர் போட்டு மூடாதீங்க. ராமேஸ்வரம் பக்கம் போய் வந்தா ஜிப்பை நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு பூத்தா ரன்னர் இறுகிரும். காஞ்சதும் பல்லுல மெழுகுவத்தி தேச்சு விட்டா சுலபமா ஓடும்.

கூடல்நகர் ரயில்:

100 லிட்டர்ங்கிற பேச்சையே விடுங்க. ஸ்லீப்பர்ல கீழ் பெர்த்துக்கு அடியில ஒருத்தர் பையைக் காலால மிதிச்சு மிதிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தார். பாதிப் பை நடைபாதையில. டீக்காரர் தாண்டித் தாண்டிப் போறார்.

கணக்கு ரொம்ப லேசு. உருளைப் பைக்கு விட்டம் 40, நீளம் 80 சென்டிமீட்டர் இருந்தா 100 லிட்டர். 36க்கு 80 இருந்தா 81. 32க்கு 75 இருந்தா 60. விமானத்துல மூணு அளவையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள்ள கேட்பாங்க. 40, 40, 80 கூட்டினா 160, அங்கயே தாண்டிருச்சு. உள்நாட்டு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். 100 லிட்டர்ல துணி அடைச்சாலே 20ஐத் தாண்டும். ரயில்ல ஸ்லீப்பருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ இலவசம், எடை இடிக்காது. ஆனா பெட்டி அளவு 100க்கு 60க்கு 25, மூணடுக்கு ஏசியில 55க்கு 45க்கு 22.5 சென்டிமீட்டர்தான் விதி. 40 சென்டிமீட்டர் பருமன் எங்க நுழையும்? 60 லிட்டர் ஒண்ணு எடுங்க. பத்தலேன்னா 40ல இன்னொண்ணு எடுத்து ரெண்டு கையிலயும் தூக்குங்க, தோளும் சமமா இருக்கும்.

ஆரப்பாளையத்தான்:

ரயில் அண்ணே, ரெண்டு பைன்னா பஸ் டிக்கியில ஒண்ணைத் தொலைக்கவும் வாய்ப்பு இருக்கு. 80ல நிறுத்திக்குவோம்.

மாசி வீதி தம்பி, தார்ப்பாய்த் துணியில ஓட்டை விழுந்தா தைக்கலாமா?

மாசி வீதி தையல்:

தைச்சா ஊசி ஓட்டை வழியாத் தண்ணி இறங்கும் அண்ணே. அதே துணியில ஓட்டையைவிட சுத்தியும் ஒரு அங்குலம் பெருசா வட்டமா வெட்டி, ரெண்டு பக்கமும் ஸ்பிரிட் வச்சுத் துடைச்சு, பிவிசிக்குன்னு விக்கிற பசையால உள்பக்கமா ஒட்டுங்க. பஞ்சர் கடை சொல்யூஷன் வேண்டாம், பிவிசியில இருந்து கசியிற எண்ணெய் அதை இளக்கி விட்டுரும்.

அடியில வைக்கிற அட்டை ஊறிப்போயிருந்தா 5 மில்லிமீட்டர் சன்பேக் ஷீட் (உள்ள கூடு விட்ட பிளாஸ்டிக் அட்டை) வாங்கிப் போடுங்க. பை அளவைவிட ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சு, நாலு மூலையும் வட்டமா வெட்டணும். கூரா விட்டா அதுவே துணியைக் குத்தும்.

வில்லாபுரம் 85:

அந்த 10 நம்பர் ரன்னர் தனியாக் கிடைக்குமா, இல்ல ஜிப்போடதான் குடுப்பாங்களா?

மாசி வீதி தையல்:

தனியாவே கிடைக்கும். பழைய ரன்னரையும் ஒரு சாண் பழைய ஜிப்பையும் கையோட எடுத்துட்டுப் போய், கடையிலயே ஓட்டிப் பார்த்து வாங்குங்க.