கிரெட்டா டீசலா, ஹைரைடர் ஹைபிரிடா? அத்தையை ஏற்றிப் பார்த்த பிறகு எடுத்த முடிவு

சிங்காநல்லூர், கோவை

வணக்கம் நண்பர்களே. 11 வருடம் ஓட்டிய சின்ன காரைக் கொடுத்துவிட்டு எஸ்யூவி எடுக்கலாம் என்று கிளம்பி, கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றோம். ஒன்று ஹூண்டாய் கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக், இன்னொன்று டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. மூன்று மாதம் வீட்டில் இதே பேச்சுதான். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் மனைவியின் அம்மா. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நன்றாகவே நடக்கிறார். ஆனால் தாழ்வான இடத்தில் உட்கார்ந்து எழுவது சிரமம். பழைய காரிலிருந்து அவரை இறக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். வண்டி மாற்ற நினைத்ததே அதனால்தான். தினமும் பள்ளிக்கூடம், அலுவலகம் என்று திருச்சி ரோட்டு நெரிசலில் 30 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் ஒருமுறை வால்பாறை, மச்சான் வீட்டுக்கு.

முதல் டெஸ்ட் டிரைவுக்கு இரண்டு ஷோரூமுக்கும் நான் மட்டும் போனேன். அது தப்பு. மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது முறை குடும்பத்தோடு வருகிறேன் என்றதும் ஒரு ஷோரூமில், "மூன்று பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லை சார்" என்றார்கள். ஐந்து பேருக்கு வண்டி வாங்குகிறவன் ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? மேலாளர் வரை பேசித்தான் சம்மதம் வாங்கினேன். நீங்களும் விடாதீர்கள்.

அத்தை ஏறுவதை அன்றுதான் பக்கத்தில் நின்று கவனித்தேன். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த முறை அது. முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பார். சீட்டின் ஓரம் எங்கே இருக்கிறது என்று பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். மெதுவாக உட்காருவார். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார். கிரெட்டாவில் இது ஒரே மூச்சில் முடிந்தது. சீட் சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது, கதவும் நன்றாக விரிந்தது. ஹைரைடரில் சீட் உயரம் சரிதான், ஆனால் கூரை பின்பக்கம் சரிகிறது. கால்களைத் திருப்பும்போது தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது. டிக்கியிலும் கிரெட்டாதான். அதில் 433 லிட்டர் இடம், பெரிய பெட்டியை அப்படியே வைக்கலாம். ஹைபிரிடில் பேட்டரி டிக்கிக்கு அடியில் இருப்பதால் தளம் உயர்ந்து இடம் குறைகிறது. அத்தையின் வாக்கரை மடித்து வைத்தால் அதற்கு மேல் பைகளைத்தான் அடுக்க முடியும்.

அதனால் அன்று சாயங்காலம் வரை கிரெட்டா என்றே முடிவு. மாற்றியது மருதமலை. இரண்டு வண்டியையும் வேறு வேறு நாளில் அந்த மலைப்பாதைக்குக் கொண்டுபோனோம். காகிதத்தில் இரண்டுக்கும் 116 பிஎஸ் குதிரைத்திறன்தான். ஆனால் ஏற்றத்தில் இரண்டும் வேறு வேறு ஜென்மம். டீசலின் 250 நியூட்டன் மீட்டர் இழுவை, கால் வைத்ததும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஹைபிரிடில் மிதித்தால் மூன்று சிலிண்டர் இன்ஜின் குரலை உயர்த்துகிறது, வேகம் நிதானமாக ஏறுகிறது. ஓட்டுகிறவனாக எனக்கு டீசல்தான் பிடித்தது, மறைக்க விரும்பவில்லை.

திரும்பி ஊருக்குள் வந்து நெரிசலில் ஊர்ந்தபோதுதான் கதை மாறியது. ஹைரைடர் பாதி நேரம் மோட்டாரிலேயே நகர்ந்தது. சிக்னலில் இன்ஜின் நின்றுவிடுகிறது, ஏசி மட்டும் ஓடுகிறது. அதிர்வே இல்லை. அத்தைக்குக் கார் பயணமே ஆகாது, பாதி வழியில் குமட்டும். அன்று காந்திபுரம் தாண்டியும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் இறங்கியபின், "ஏறும்போது ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சா போச்சு, உட்கார்ந்திருக்கிறது ஒரு மணி நேரம் ஆச்சே" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏஆர்ஏஐ என்ற சோதனை அமைப்பின் கணக்கில் ஹைபிரிடுக்கு மைலேஜ் 27.97, டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 19 சொச்சம். ஊருக்குள் அது கிடைக்காது. ஹைபிரிடுக்கு 21, டீசலுக்கு 13 என்று வைத்துக்கொண்டு, மாதம் 900 கிலோமீட்டருக்குப் போட்டால் சுமார் 2,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. சாலை வரியையும் பாருங்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 20. மேல் வேரியன்ட் 20 லட்சத்தை ஒட்டி நின்றதால் ஒரு படி கீழே எடுத்தோம்.

ஹைரைடர் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. டீசல் எடுத்தவர்களும் சொல்லுங்கள்.

தாம்பரம், சென்னை

தம்பி, நல்ல முடிவுதான், உங்கள் ஓட்டத்துக்கு. என் ஓட்டம் வேறு. சொந்த ஊர் திருநெல்வேலி. அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள், மாதத்தில் இரண்டு முறையாவது போய்விடுவேன். போக மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். அலுவலகத்துக்கு மின்சார ரயில்தான், கார் வாரநாளில் நிழலில் நிற்கும்.

கிரெட்டா டீசல் மேனுவல் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. டேங்க் 50 லிட்டர். நான்குவழிச் சாலையில் 90, 95ல் போனால் லிட்டருக்கு 20 தருகிறது. தாம்பரத்தில் நிரப்பினால் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது மதுரை தாண்டித்தான் பங்க்கைத் தேடுவேன். திண்டிவனம் தாண்டி லாரிகளை முந்தும்போது ஆறாவது கியரிலிருந்து இறக்கக்கூட வேண்டியதில்லை. அம்மாவை இங்கே கூட்டிவரும்போது பின் சீட்டைச் சாய்த்து, ஜன்னல் திரையை ஏற்றிவிட்டால் விக்கிரவாண்டி வரை தூங்கிக்கொண்டே வருவார்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஹைபிரிடின் லாபம் சுருங்கிவிடும். பிரேக் போடும் சக்தியைச் சேமித்துத்தானே அது மிச்சம் பிடிக்கிறது, பிரேக்கே போடாவிட்டால் எதைச் சேமிப்பது?

டீசலுக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று பயமுறுத்துகிறார்கள். அந்த விதி டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை.

மதுரை

மேலே அண்ணன் சொன்னதில் ஒரு வரியை அடிக்கோடிட வேண்டும்: "வாரநாளில் நிழலில் நிற்கும்." நான் அதைச் செய்யாமல் பட்டேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்று எழுதப்போவதில்லை. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் எஸ்யூவி, பழையது வாங்கினேன். வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர், காலையும் மாலையும். அவ்வளவுதான் அதன் ஓட்டம்.

ஐந்தாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி நன்றாகச் சூடாகி, தொடர்ந்து கால் மணி, அரை மணி வேகமாக ஓட வேண்டும். மாசி வீதிகளில் எங்கே ஓடுவது? முதல் தடவை மேலூர் வரை நான்குவழிச் சாலையில் ஓட்டியதில் விளக்கு அணைந்தது. இரண்டாம் தடவை அணையவில்லை, வண்டி வேகமே எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்ரோலே பார்த்திருப்பேன். டீசல் கேட்கிற எல்லோரிடமும் நான் இப்போது முதலில் கேட்பது, தினமும் எவ்வளவு தூரம் என்பதைத்தான்.

திருச்சி

அண்ணா, பின் சீட்டைப் பற்றி எழுதியது ரொம்பப் பிடித்தது. எங்கள் வீட்டில் பாட்டிக்குப் பதில் மூன்று வயதுக் குழந்தை. குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப்போய் ஒவ்வொரு வண்டியிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை சீட்டைப் பூட்ட பின் சீட்டில் இருக்கும் கொக்கி) மாட்டிப் பார்த்தேன். சில வண்டிகளில் கொக்கி மெத்தைக்குள் புதைந்திருந்து விரல் நோகிறது. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் 2022ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியவை. கடைசி இரண்டு என்று சுருக்குவதற்கு முன்னால் இதையும் ஒருமுறை பாருங்கள்.

சிங்காநல்லூர், கோவை

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, உங்கள் ஓட்டம் எனக்கு இருந்தால் நானும் டீசல்தான் எடுத்திருப்பேன்.

போன வாரம் வால்பாறை போய் வந்தோம், அதையும் எழுதுகிறேன். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஐந்து பேரோடு ஏறும்போது இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கிறது, பிள்ளைகள் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். மைலேஜ் 13க்கு இறங்கியது. இறங்குவதுதான் புது அனுபவம். பேட்டரி சின்னது, 0.76 கிலோவாட் மணிதான். பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிட்டது. அதன் பிறகு கியரை B என்ற நிலையில் (பார்க்கிங்குக்கான P அல்ல) வைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. திடீரென்று உறுமல் கேட்டதும் முதல் தடவை பயந்துபோனேன். கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான். பிரேக் சூடாகாமல் இறங்கினோம். வீடு வந்து பார்த்தால் மொத்தப் பயணத்துக்கு 21 காட்டியது.

மச்சான் கொடுத்த தேயிலைத்தூளும் மிளகு மூட்டையும் டிக்கியில் அடங்காமல் பெரியவனின் காலடிக்கு வந்தன. ஒன்பதாவது வளைவில், ஆழியார் அணை தெரிகிற இடத்தில் நிறுத்தினோம். நான் சுற்றிவந்து கதவைத் திறப்பதற்குள் அத்தை தானே திறந்து, இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி, தரையில் ஊன்றி எழுந்து நின்றுவிட்டார்.